கீபோர்டைத் துடைக்கும் முன்

கீபோர்டின் இடுக்குகளில் சேரும் மிக்சர் துகளும் பிஸ்கட் பொடியும் தூசியும் அதை ஒரே நாளில் கெடுத்துவிடுவதில்லை. அவற்றை எடுக்கப் போகும் கை கெடுத்துவிடும். கொண்டை ஊசியால் நெம்பி உடைத்த விசை, சானிடைசரில் ஊறிய பலகை, டீ கொட்டிய பிறகும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்யப்பட்ட லேப்டாப் என்று பழுதுக்கடை மேசைக்குத் திரும்பத் திரும்ப இவைதான் வருகின்றன. வாரன்டி உள்ள பொருளை இப்படிக் கெடுத்துக்கொள்பவருக்குச் செலவோடு, இலவசமாகச் சரிசெய்து கேட்கும் உரிமையும் போகிறது.

எந்த வகைக் கீபோர்டு என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது. டெஸ்க்டாப்புடன் வரும் சாதாரணக் கீபோர்டில் விசைகளுக்கு அடியில் பெரும்பாலும் ரப்பர் குமிழ்கள் கொண்ட விரிப்பு இருக்கும். இணைப்பைக் கழற்றிக் கவிழ்த்து, முதுகில் நாலு தட்டுத் தட்டினாலே நிறையக் குப்பை கொட்டிவிடும். மெக்கானிக்கல் வகையில் விசை மூடிகளைக் கழற்றலாம். அதற்கென்றே சிறு கம்பி இடுக்கி விற்கிறது. கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் எந்த மூடி எங்கே என்று பிறகு திண்டாட வேண்டாம். ஸ்பேஸ்பார், என்டர் போன்ற நீள விசைகளின் அடியில் தாங்குகம்பி இருப்பதால் பழக்கமில்லாதவர் அவற்றை விட்டுவிடுவது நல்லது.

லேப்டாப் விஷயம் வேறு. பெரும்பாலான லேப்டாப்களில் ஒவ்வொரு மூடிக்கும் கீழே, கத்தரிக்கோல்போல் குறுக்காகக் கோத்த இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளன. அவற்றின் கொக்கி மிகச் சிறியது; நெம்பினால் ஒடியும். பல மாடல்களில் கீபோர்டு மேல்தகட்டோடு சேர்த்தே பொருத்தப்படுகிறது. அப்போது ஒரு கொக்கி போனதற்கு முழுத் தகட்டையும் மாற்றச் சொல்வார்கள். லேப்டாப் விசையை நெம்பக் கூடாது.

சுத்தம் செய்வதற்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. முதலில் கணினியை முழுதாக ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்ற வேண்டும். மூடி வைத்தால் தூங்குமே தவிர அணையாது. பிறகு சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டி, பெயின்ட் படாத மென்மையான தூரிகையால் ஒரே திசையில் பெருக்கி, கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதுபந்தால் ஊதினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து போகும். பிசுக்கு இருந்தால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது நனைத்துத் துடைக்கலாம். திரவம் துணியில்தான் படவேண்டும், கீபோர்டில் அல்ல. சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருப்பதால் பிசுக்கு மேலும் கூடும்.

கேனில் அடைத்து விற்கும் ‘ஏர் டஸ்டர்’ வெறும் காற்று அல்ல. பலவற்றில் இருப்பது டைஃபுளோரோஈத்தேன் என்ற, தீப்பற்றக்கூடிய வாயு. கேனைக் கவிழ்த்து அழுத்தினால் கடுங்குளிரான திரவம் சீறி வரும். தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும். அந்த வாயுவை வேண்டுமென்றே முகர்ந்தால் இதயம் நின்றுபோகலாம் என்பதால் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரிடம் லேப்டாப்பைக் கொண்டுபோகும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அதன் குழாயில் தண்ணீரும் எண்ணெயும் கலந்தே வரும்.

டீயோ தண்ணீரோ கொட்டிவிட்டால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கீபோர்டு தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். அரிசி மூட்டையும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம், சோதித்துப் பார்க்க ஆன் செய்யவும் வேண்டாம். இன்னொன்று: விசைகள் நடுவில் மேடிட்டு எழும்பினால் அது குப்பை அல்ல, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்திச் சமன் செய்யாமல், சார்ஜ் ஏற்றாமல் சர்வீஸுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

தூசியைத் தாங்காத கீபோர்டை நிறுவனமே விற்றதும் உண்டு. ஆப்பிள் 2015-இல் மேக்புக்கில் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ விசைகள் சிறு துகளுக்கே சிக்குவதாகப் புகார்கள் குவிந்தன. 2018 ஜூனில் அந்நிறுவனம், முதலில் விற்ற நாளிலிருந்து 4 ஆண்டுவரை இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 2022-இல் 5 கோடி டாலர் தரவும் ஒப்புக்கொண்டது. ‘தூசி விழுந்தது உங்கள் தப்பு சார்’ என்று கவுன்ட்டரில் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

வாரன்டிக் காலத்தில் விசை வேலை செய்யாவிட்டால் பக்கத்துக் கடையில் திறந்து பார்க்கக் கொடுக்கக் கூடாது. ‘வெளியாள் திறந்திருக்கிறார்’ என்ற ஒரு வரியில் கதவு அடைபடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் கீபோர்டையும் அடிப்பகுதியையும் வெளிச்சத்தில் படம் எடுத்து, கோப்புகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே தரும் ஜாப் ஷீட்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தாள். தேதி, சீரியல் எண், கோளாறு, பொருளின் வெளித்தோற்றம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். திரவக் கறை இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதச் சொல்லிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுக் கட்டத்தின் கீழ் கையெழுத்திட்டுவிட்டு, ‘லிக்விட் டேமேஜ்’ என்று அதில் பிறகு ஏறிவிட்டதே எனப் புலம்புவதில் பயனில்லை. வாரன்டியை மறுத்தால் காரணத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டும். வாய்வார்த்தையைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். ஆனால் அது புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும் இடம்தான். உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் அல்லது வேலைசெய்யும் மாவட்டத்திலேயே மனு தரலாம். பொருள் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். மனுவோடு பில், வாரன்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல் நகல்கள், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பில் தர மறுப்பதே இச்சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாதென்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதனால்தான் திறக்காதே, திறக்காதே என்ற எச்சரிக்கை. ஏற்கெனவே கலைத்த பொருளில் ஆய்வகம் எதையும் நிரூபிப்பது கடினம். தொழிலுக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக டிடிபி கடை நடத்துபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. சட்டம் எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்றதிலிருந்து 3 மாதத்தில், சோதனை தேவையென்றால் 5 மாதத்தில் முடிக்க முயலச் சொல்கிறது. வாய்தாக்களுக்கு அது காதில் விழுவதில்லை.

மனு தர அவகாசம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. சர்வீஸ் சென்டர் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொன்ன நாட்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.