கைதட்டலுக்கு முன் உடல் படும் பாடு

நடிகர் லாரன்ஸ் ஒலிவியரை மேடை பயம் பிடித்தபோது வயது 57. பிரிட்டனின் தேசிய நாடகக் குழுவுக்கே அவர்தான் இயக்குநர்; ஆஸ்கர் வாங்கியவர். 1964-ல் தொடங்கிய பீதி ஏறக்குறைய ஐந்தாண்டு அவரை விடவில்லை. ‘ஒதெல்லோ’வில் தனியாகப் பேசும் கட்டங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயைத் தன் கண்ணில் படும்படி மேடையோரம் நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பயிற்சி போதாதவருக்குத்தான் கைகால் நடுங்கும் என்று நினைக்கிறோம். கலைஞர்கள் இதை மறைப்பதற்கு அந்த நினைப்பே காரணம். பலர் எடைபோடும் பார்வையை உடல் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல் சில்லிடுகிறது. ஓடத் தயாரான உடம்பை வைத்துக்கொண்டு, அசையாமல் நின்று வயலின் வில்லை இழுக்க வேண்டும். எவ்வளவு கொடுமை!

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட சோதனை இதை அளந்து காட்டியது. முகபாவமே மாறாத நடுவர்கள் முன் ஐந்து நிமிடம் பேச்சு. பிறகு 1,022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வரும் மனக்கணக்கு. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு உயர்ந்தது. அட்ரினலின் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கார்டிசால் தணிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கச்சேரி முடிந்த இரவில் பாடகருக்குத் தூக்கம் வராமல் போவதில் வியப்பில்லை.

இதய நோயாளிகளுக்காக மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனோலால் போன்ற மாத்திரைகள் இந்த நடுக்கத்தை அடக்கும். 1987-ல் அமெரிக்க சிம்பொனி இசைக்கலைஞர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேர் இத்தகைய மாத்திரைகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் சீட்டு இல்லாமலே விழுங்கியவர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இது உயிருக்கே ஆபத்து. வெட்கம் ஒருவரை எதுவரை தள்ளுகிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

2014-ல் ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. பாடுவதற்கு முன் ‘பயமாக இருக்கிறது’ என்று சொன்னவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறது’ என்று சொன்னவர்களுக்குச் சுருதியும் தாளமும் நன்றாக அமைந்தன. இதயத் துடிப்பு மட்டும் இரு தரப்பாருக்கும் ஒரே வேகத்தில்தான் இருந்தது.