வட்டெழுத்துக் கல்வெட்டு

சிதறால் மலை (திருச்சாரணத்து மலை), கன்னியாகுமரி மாவட்டம்
காலம்: கி.பி. 9-10ஆம் நூற்றாண்டு

பாறையில் நீங்கள் காண்பது வட்டெழுத்து. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. பேராயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி, இம்மலையின் படாரியாருக்கு (பெண் தெய்வத்துக்கு)ப் பொன் அணிகலன் அளித்ததை இது பதிவு செய்கிறது.

எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். நேர்கோடுகள் குறைவு, வளைவுகளும் சுழிகளுமே மிகுதி. எழுத்தாணி பிடித்த கையின் விரைவும் விளையாட்டும் கல்லிலும் தெரிகின்றன. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ப, ய, வ ஆகியவை ஒன்றுபோலத் தோன்றும். இடம் நோக்கியே படிக்க வேண்டும்.

கோயில் கொடை, நில உரிமை, அரசாணை ஆகியவற்றைக் கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் எழுத இவ்வெழுத்து பயன்பட்டது. சோழர் பாண்டிய நாட்டை வென்ற பின் அங்கே தமிழெழுத்து இதன் இடத்தைப் பிடித்தது. தென் திருவிதாங்கூரிலோ இதன் வழிவந்த எழுத்துகள் பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தன.

ஆயிரம் ஆண்டைக் கடந்த எழுத்து இது. தொடாமலும் கிறுக்காமலும் பார்த்துச் செல்லுங்கள்.