தாயற்ற குஞ்சுகளுக்கு ஒரு வெப்பக் கூண்டு



முட்டையை உடைத்து வெளிவரும் கோழிக்குஞ்சின் உடலில் இறகுகள் இல்லை. மெல்லிய தூவியே உண்டு. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முதற் சில வாரங்களில் அதற்கு அமைவதில்லை. ஆதலின் தாய்க்கோழி அதனைச் சிறகின்கீழ் அணைத்துக் காக்கிறது. பொறியில் பொரித்த குஞ்சுகளுக்கோ தாய் இல்லை. அக்கடமையை நாமே ஏற்கவேண்டும். அதற்கான எளிய கூண்டை அமைக்கும் வகையினைக் காண்போம்.

இருபத்தைந்து குஞ்சுகளுக்கு நான்கு அடி குறுக்களவுள்ள வட்டம் போதும். ஒன்றரை அடி உயரமுள்ள தகரத்தை வளைத்து நிறுத்துக. வட்டம் எதற்கு? சதுரமாயின் குளிர்ந்த வேளையில் குஞ்சுகள் மூலையில் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் உள்ளவை மூச்சுத் திணறி இறக்கும். தரையில் இரண்டு அங்குல உயரம் உமியைப் பரப்பி, முதல் சில நாள்களுக்கு அதன்மேல் சொரசொரப்பான தாளை விரித்திடுக. இல்லையேல் குஞ்சுகள் உமியைத் தீனியென்று கொத்தும்.

வட்டத்தின் நடுவே 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தகரக் குடையுடன் தொங்கவிடுக. இன்று வழக்கிலுள்ள எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது தரும் வெப்பம் மிகக் குறைவு. முதல் வாரத்தில் குஞ்சின் முதுகளவில் வெப்பம் 35 பாகை செல்சியசு இருத்தல் நலம். பின்னர் வாரந்தோறும் விளக்கைச் சிறிது உயர்த்தி, மூன்று பாகை வீதம் குறைத்து வருக.

வெப்பமானி இல்லையே என்று கலங்கவேண்டா. குஞ்சுகளே வெப்பமானிகள். விளக்கின்கீழ் நெருங்கிக் கீச்சிட்டால் குளிர். ஓரங்களுக்கு ஒதுங்கி வாய்திறந்து மூச்சிரைத்தால் மிகுவெப்பம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கம் காற்று வீசுகிறது என்று அறிக. எங்கும் பரவி மேய்ந்தும் உறங்கியும் இருந்தால் எல்லாம் செம்மை. கூர்ந்து நோக்குதலே அறிவியலின் முதற் பாடம் என்று வகுப்பில் நான் பன்முறை கூறியதுண்டு. அதற்கு இதனினும் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

இனி, தலையாய எச்சரிக்கை. நான் பணியாற்றிய ஊரில் ஒரு குடிசையில், மின்கம்பியிலேயே தொங்கிய விளக்கு நள்ளிரவில் அறுந்து உமியில் விழுந்தது. குஞ்சுகளும் கூரையும் வெந்தன. உறங்கிய குழந்தைகளை அண்டை வீட்டார் தூக்கி வந்தனர். ஆகவே விளக்கின் பளுவை மின்கம்பி தாங்கலாகாது. இரும்புச் சங்கிலியால் கட்டி, அது அறுந்தாலும் தாங்குமாறு மற்றொரு கம்பியையும் பிணைத்திடுக. விளக்கைச் சுற்றிக் கம்பிவலை வேண்டும். உமிக்கும் விளக்குக்கும் ஒன்றரை அடியேனும் இடைவெளி இருக்கட்டும். வெப்பம் போதாதெனில் விளக்கைத் தாழ்த்தாது, இன்னொரு விளக்கைச் சேர்த்திடுக. கம்பியில் ஒட்டுப்போட்ட இடங்கள் கூண்டினுள் கூடா.

மின்சாரம் நின்றபோது சிலர் மூடிய அறையில் கரியடுப்பை வைப்பர். அது பெருந்தீங்கு. எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குஞ்சுகளை மட்டுமன்றி மனிதரையும் கொல்லும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளைக் குஞ்சுகளிடையே வைப்பதே தக்க வழி.

ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கா. ஐந்தாறு வாரங்களில் இறகு முளைத்துவிடும். பிறகு அவற்றுக்கு விளக்கு வேண்டுவதில்லை.