துளிர் விரிந்த பிறகு உரம்

நர்சரியில் வாங்கிவந்த ரோஜாவைத் தொட்டியில் வைத்த கையோடு ஒரு பிடி டி.ஏ.பி.யைத் தூவினால்தான் பலருக்கு மனம் ஆறுகிறது. புதிதாக நட்ட செடி பசியோடு இருக்கும் என்ற நினைப்பு. உண்மையில் அப்போது அதற்கு இருப்பது தாகம். பாலிதீன் பையைக் கிழித்து எடுக்கும்போது நுனிவேர்கள் அறுந்துபோகின்றன. நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் பெரும்பாலும் அந்த நுனிகளை ஒட்டித்தான் இருக்கின்றன. இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் வேரைச் சுற்றி உரம் கரைந்தால் மண்ணீரில் உப்பு கூடி, கிடைக்கும் நீரையும் வேர் இழுக்க முடியாமல் திணறுகிறது. யூரியா சிதையும்போது வெளிப்படும் அமோனியா, அளவு மிஞ்சினால் இளம் வேரைக் கருக்கிவிடும். இலையின் நுனியும் ஓரமும் பழுப்பேறிக் காய்வதுதான் வெளியே தெரியும் அடையாளம். அதைச் சத்துக்குறைவு என்று எண்ணி இன்னொரு பிடி போடுகிறவர்களும் உண்டு!

விவசாயிகள் நடவின்போதே அடியுரம் இடுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர் போகும் ஆழத்தில் முன்கூட்டியே கலந்தாக வேண்டும். தழைச்சத்தை அவர்களும் பிரித்தே தருகிறார்கள். கத்தரி ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து அடியுரமாக, மறு 50 கிலோ நட்ட 30ஆம் நாள் மேலுரமாக. இதையே ஓர் அடி அகலத் தொட்டிக்குக் கணக்கிட்டால், ஒரு தவணைக்கு யூரியா ஒரு கிராம்கூட வராது. வயலின் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிடுகிறோம்.

இயற்கை உரம் ஒன்றும் செய்யாது என்பதும் பாதி உண்மை. நன்கு மட்கிய தொழுவுரத்தையும் மண்புழு உரத்தையும் நடும்போதே மண்ணோடு கலக்கலாம். பச்சைச் சாணமும் கடலைப் பிண்ணாக்கும் அப்படியல்ல. குழிக்குள் சிதையும்போது சூட்டையும் அமோனியாவையும் கிளப்பும். உரத்தைத் தள்ளிப்போடுவதில் மாடித்தோட்டத்துத் தென்னைநார்க் கழிவு மட்டும் விதிவிலக்கு. அதில் தழைச்சத்து மிகக் குறைவு, சரியாக மட்காவிட்டால் இருப்பதையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். அங்கே நாற்று வேர்பிடித்ததுமே நீர்த்த கரைசலாகக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.

மற்ற செடிகளுக்கு நாள்கணக்கைவிடத் துளிரைப் பார்ப்பதே மேல். முதல் துளிரையும் உடனே நம்ப வேண்டாம், தண்டில் சேர்ந்திருக்கும் உணவிலிருந்தும் அது வரும். அந்த இலைகள் முழு அளவுக்கு விரிந்து, அடுத்த துளிர் தலைகாட்டினால் வேர் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். காய்கறி நாற்றுக்கு இது இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும், ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஒரு மாதமாவது ஆகும். அதன்பிறகும் உரத்தைத் தண்டோரம் கொட்டாமல், ஈரமண்ணில் தொட்டியின் விளிம்பையொட்டி இட்டு நீர் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் நட்டதற்குக் காத்திருப்பு இன்னும் நீளும். ஐப்பசி அடைமழையில் நட்டதென்றால் மழை ஓயும்வரை உரப் பையைப் பிரிக்கவே வேண்டாம். போட்ட தழைச்சத்தெல்லாம் தொட்டித் துளை வழியே ஓடிவிடும்.