துறைமுக வாசலில் மணல் ஏன் குவிகிறது?

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். குழியிலிருந்து பொங்கிவரும் கல்மாவுத் தண்ணீர், ஓடும்வரை கலங்கலாகவே இருக்கும். வேகம் குறைந்ததும் பருமனான பொடி முதலில் படியும். துறைமுகம் தூர்வதும் இந்தக் கணக்குதான்.

சென்னைக் கரையில் அலைகள் சாய்வாக மோதுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவை மணலை வடக்கே தள்ளுகின்றன. 1876இல் துறைமுக வேலை தொடங்கி, கல்சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். சுவரைச் சுற்றிவந்த மிச்ச மணல், கிழக்கு பார்த்த வாசலின் அமைதியான நீரில் படிந்தது. 1904இல் துறைமுகத் தலைவரான பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்து, வடகிழக்கில் புதிது திறந்தார். 1911இல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் அவரே! பாய்மரப் படகுக்காரருக்கு மணல்மேட்டின் தொல்லை தெரியாதா? அடியில் ஆழமாக நீளும் கீல் வைத்த படகு, ஆள் உயரத் தண்ணீரிலேயே தரைதட்டக்கூடும்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேரவேண்டியது. அது கிடைக்காத ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது. இன்று அங்கே பாறாங்கல் கொட்டித்தான் காக்கிறார்கள்.