குழாய் வரைபடத்தில் மறைந்திருக்கும் பிழைகள்

ஓர் ஊரில் குடிநீர்க் குழாய்களைப் பதிக்குமுன், எந்தத் தெருவுக்கு எவ்வளவு அழுத்தத்துடன் நீர் செல்லும் என்று கணக்கிட்டு அறிதல் அவசியமாகும். குழாய்கள் வளையங்களாகப் பின்னிச் செல்லும்போது இக்கணக்கு சிக்கலாகிவிடுகிறது. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் இதற்கு எளிய முறை ஒன்றை வகுத்தார். அதற்கு அடிப்படை இரண்டு விதிகள். ஒவ்வொரு சந்திப்பிலும் வரும் நீரும் வெளிச்செல்லும் நீரும் சமமாயிருக்க வேண்டும். ஒரு வளையத்தைச் சுற்றி வந்தால் அழுத்த இழப்புகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும். அன்று காகிதத்தில் மெல்ல மெல்லச் செய்யப்பட்ட இவ்வேலையை இன்று கணிப்பொறி சில நொடிகளில் முடித்துவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1993இல் முதன்முதலாக வெளியிட்ட ‘ஈபாநெட்’ என்னும் நிரல் இலவசமாகக் கிடைப்பதால், இந்தியப் பொறியியலாளர்களும் அதனை உபயோகிக்கின்றனர்.

ஆயினும் கணிப்பொறி ஊரைக் கண்டதில்லை. வரைந்து கொடுத்த படத்தையே அது அறியும். படம் பிழையானால் விடையும் பிழையாகும். அப்பிழை தசம ஸ்தானங்களுடன் நேர்த்தியாக அச்சாகி வருவதால் எவரும் ஐயுறுவதில்லை. குழாய்கள் பதிக்கப்பட்ட பின்னரே, கடைக்கோடி வீட்டில் குடம் நிரம்பாதபோது உண்மை வெளிப்படுகிறது.

முதல்வகைப் பிழை இணைப்பில் நேர்வதாகும். இந்நிரலில் குழாய்களின் முனைகள் ‘கணு’ எனப்படும் புள்ளிகளில் மட்டுமே சேர்கின்றன. இரு கோடுகள் படத்தில் ஒன்றையொன்று வெட்டிச் சென்றாலும், அவ்விடத்தில் கணு இல்லையேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் பாயாது. எக்குழாயுடனும் சேராத தனிக்கணு இருந்தால் நிரல் கணக்கிட மறுத்துப் பிழையை அறிவிக்கும். நீர்த்தொட்டியிலிருந்து ஒரு பகுதி முழுவதும் துண்டிக்கப்பட்டிருந்தாலும் எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் இணையாத இரு குழாய்களுக்கும் வேறு சுற்றுவழியில் நீர் வருமாயின் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. அழுத்தம் மட்டும் மாறிக் காணும். ஆகவே ஒவ்வொரு குறுக்கீட்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். தொட்டிக்கு நீரேற்றும் குழாயும் வீதிக் குழாயும் வெவ்வேறு ஆழத்தில் குறுக்கிடுவதும் உண்டு; அங்கே கணு வைப்பதே பிழையாகும். எது சந்திப்பு, எது குறுக்கீடு என்பதை வால்வு திறக்கும் ஊழியர் நன்கறிவார்.

உண்மையான சந்திப்பாயின் அங்கே புதிய கணு வைத்து, குழாய்களை அதனுடன் சேர்த்து, எஞ்சிய பகுதிகளைப் புதிதாக வரைய வேண்டும். அப்போது நீளங்களையும் பிரித்தெழுதுதல் வேண்டும். 400 மீட்டர்க் குழாயை இரண்டாக்கிய பின் முதற்பகுதி இன்னும் 400 மீட்டர் என்றே இருந்தால், கணக்கில் இல்லாத நீளம் சேர்ந்துவிடும்.

இரண்டாம்வகை, நிரல் தானாக இட்ட எண்களை மாற்றாமல் விடுதலாகும். ஈபாநெட்டில் புதிய குழாய்க்கு நீளம் 1000, விட்டம் 12 என்று முன்னரே அமைந்திருக்கும். மெட்ரிக் அளவில் அந்த 12 மில்லிமீட்டராகக் கொள்ளப்படும். விட்டம் பாதியானாலே, அதே அளவு நீர் பாய்வதில் அழுத்த இழப்பு ஏறத்தாழ 29 மடங்காகிறது. 100 மில்லிமீட்டர்க் குழாய் 12 ஆனால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாய்களை மட்டும் காட்டுமாறு நிரலைப் பணித்தால் இப்பிழை உடனே அகப்படும்.

மூன்றாவது, தரைமட்ட உயரம். புதிய கணுவுக்கு இது பூஜ்யமாக இருக்கும். தொட்டியின் நீர்மட்டம் 112 மீட்டர் என்றும், ஒரு மேட்டுத் தெருவின் தரைமட்டம் 108 மீட்டர் என்றும் கொள்வோம். எவரும் நீர் எடுக்காத வேளையிலும் அங்கு அழுத்தம் 4 மீட்டர்தான். மத்திய அரசு 1999இல் வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடு, ஒரே தளமுள்ள வீடுகளுக்கு 7 மீட்டர் வேண்டுமெனக் கூறியது. உயரத்தை எழுத மறந்தால் நிரல் 112 மீட்டர் அழுத்தம் காட்டி, நீர் ஏறாத தெருவைச் செழிப்பான தெருவாக்கிவிடும். நீர்மட்டத்திலிருந்து தரைமட்டத்தைக் கழித்துப் பார்க்கும் மனக்கணக்கு இதற்குப் போதுமான சோதனையாகும்.

முதலில் இணைப்பு, அடுத்து நீளமும் விட்டமும், பின்னர் உயரம், இறுதியாகக் குழாயடியில் அழுத்தமானி காட்டும் அளவுடன் ஒப்பீடு என்னும் வரிசையே சிறந்தது. ஒரு வேளையில் ஒரு பிழையை மட்டும் திருத்தி மீண்டும் கணக்கிட வேண்டும். பல திருத்தங்களை ஒருங்கே செய்தால் எது பயன்பட்டது என்று விளங்காது. குழாயின் சொரசொரப்பு எண்ணை மாற்றி விடையைப் பொருந்தச் செய்தல், பிழையைத் திருத்துவதாகாது, அதனை மறைப்பதேயாகும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் கிராமத்தில் ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் வழங்குவதை இலக்காகக் கொண்டது. அந்த நீர் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டையும் அடைய வேண்டுமாயின், வரைபடத்தைக் கையில் ஏந்தி அத்தெருவரை ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். ஆசிரியர்கள் தம் மாணவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஹார்டி கிராஸின் முதல் விதியை ஒரு தெருச் சந்திப்பில் நின்று கற்பது எளிது.