கேமிங் ஹெட்செட்டுக்கு தனியா சவுண்ட் கார்டு வேணுமா?

ஸ்ரீரங்கத்துலேருந்து ஒரு காலேஜ் தம்பி கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோட். "அண்ணா, வேலரன்ட் ஆடும்போது காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல. கூடவே கரகரன்னு இரைச்சல் வேற. சவுண்ட் கார்டு வாங்கிடட்டுமா? பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு, வீணாகக் கூடாது."

இதுல ரெண்டு பிரச்சினை இருக்கு. ஒண்ணு திசை, இன்னொண்ணு இரைச்சல். ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

திசையை முதல்ல பார்ப்போம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கண்ணை மூடிட்டு நின்னாலும், ஹாரன் எந்தப் பக்கம்னு சொல்லிடுவீங்க. வலது பக்கம் அடிச்ச ஹாரன், இடது காதுக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவா லேட்டா வரும், சத்தமும் கொஞ்சம் குறையும். இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுது. கேம்ல இந்தக் கணக்கைப் போடுறது சாஃப்ட்வேர். வேலரன்ட் செட்டிங்ஸ்ல ஹெச்ஆர்டிஎஃப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. அப்புறம் ஹெட்செட் ஆப்ல இருக்குற 7.1, விண்டோஸ்ல இருக்குற ஸ்பேஷியல் சவுண்ட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஒரே வேலையை ரெண்டு பேர் செஞ்சா திசை குழம்பிடும். இதுக்குச் செலவு சுத்தமா ஜீரோ.

அப்போ சவுண்ட் கார்டுக்கு ஏன் இவ்வளவு பேரு? 1989ல சிங்கப்பூரோட கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டர் கொண்டு வந்தப்ப, பெரும்பாலான பிசியில பீப் அடிக்கிற ஸ்பீக்கர் மட்டும்தான். அப்போ கார்டு நிஜமாவே தேவைப்பட்டுச்சு. அப்புறம் மதர்போர்டுலயே சவுண்ட் சிப் வந்துடுச்சு. 2007ல கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கேம் சவுண்டை கார்டுக்குள்ளயே கணக்குப் போடுற பழைய வழியையும் எடுத்துடுச்சு.

இப்ப இரைச்சலுக்கு வருவோம். உங்க ஹெட்செட் யூஎஸ்பியா, 3.5 எம்எம் பின்னா?

யூஎஸ்பின்னா கதை முடிஞ்சது. எண்களை மின் அலையா மாத்துற சிப் அந்த ஹெட்செட்டுக்குள்ளயே இருக்கு. நீங்க வாங்குற கார்டு வழியா சத்தம் போகவே போகாது. வயர்லெஸ் டாங்கிள் வெச்ச ஹெட்செட்டுக்கும் இதே கதைதான்.

3.5 எம்எம்னா, வாங்குறதுக்கு முன்னாடி மூணு டெஸ்ட்:

ஒண்ணு, ஹெட்செட்டை போன்ல மாட்டிக் கேளுங்க. அங்கேயும் கரகரத்தா ஹெட்செட்டோ வயரோதான் போயிருக்கு. கார்டு வாங்கிப் பிரயோஜனமில்லை.

ரெண்டு, டெஸ்க்டாப்னா முன்பக்க ஜாக்கை விட்டுட்டு பின்பக்கத்துல மாட்டுங்க. முன்பக்க ஒயர் கேபினட்டுக்குள்ள நீளமா ஓடுறதால, மத்த பாகங்களோட மின் இரைச்சலை இழுத்துக்கும்.

மூணு, லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா சந்தேகம் சார்ஜர் மேலயோ எர்த் மேலயோதான். பிளக் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சு செக் பண்ணுங்க. அது காதுக்கு மட்டுமில்ல, உயிருக்கும் நல்லது.

மைக் வேலை செய்யலையா? ஹெட்செட்டுல ஒரே பின், டெஸ்க்டாப்புல ரெண்டு ஓட்டைன்னா ஒரு ஸ்ப்ளிட்டர் போதும்.

இத்தனைக்கு அப்புறமும் இரைச்சல் இருந்தா, இல்ல ஜாக்கே பழுதுன்னா, வெளியில மாட்டுற சின்ன யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் வாங்குங்க. சில நூறு ரூபாய்லயே கிடைக்கும். மைக்கையும் சப்போர்ட் பண்ணுதான்னு கேட்டு வாங்குங்க. பெரிய கார்டோ ஆம்ப்ளிஃபையரோ தேவைப்படுறது 250 ஓம் மாதிரியான ஸ்டுடியோ ஹெட்ஃபோனுக்குத்தான். கேமிங் ஹெட்செட் பல 32 ஓம் பக்கம்தான், அதுக்கு மதர்போர்டே தாராளம்.

கடைசியா ஒண்ணு. இரைச்சலை மறைக்க வால்யூமை ஏத்தாதீங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமா சுருங்கும். ஹெட்செட் போனா சிங்காரத்தோப்புப் பக்கம் போய் வேற வாங்கிக்கலாம். காதுக்கு அந்த வழி இல்லை.

தம்பி, முதல்ல அந்த மூணு டெஸ்ட்டைப் பண்ணிட்டு ரிசல்ட்டை அனுப்புங்க. அதுவரைக்கும் காசு பர்ஸ்லயே இருக்கட்டும்.